தேர்வுத்தாளில் பாதியைக் கேட்டு வாங்குங்கள்: அமெரிக்க இளங்கலை உயிரியல் வகுப்பில் இணைந்து கற்பிக்க ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலைப் படிப்பையே முதன்மையாகக் கொண்ட ஒரு சிறிய அமெரிக்கக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். என் தன்விவரக் குறிப்பில் ‘கற்பித்தல் அனுபவம்’ என்ற தலைப்பின் கீழ் ஆறு விருந்தினர் விரிவுரைகள் வரிசை கட்டி நின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “உங்கள் தேர்வில் வகுப்புச் சராசரி 54 வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் என்ன செய்வீர்கள்?” எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை நான் ஒரு தேர்வுத்தாள்கூடத் தயாரித்ததில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

ஊரில் எம்.எஸ்சி. முடித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டமோ, அதற்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வுப் பணியோ செய்துகொண்டிருக்கும் நம்மவர்கள் பலர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் இரவு பகலாக வேலை, கையில் நல்ல கட்டுரைகள். கற்பித்தல் என்று வரும்போது, முனைவர் பட்டக் காலத்தில் ஓரிரு செமஸ்டர் கற்பித்தல் உதவியாளராக இருந்ததோடு சரி. அந்த வேலையில் ஆய்வக வகுப்பை நடத்தலாம், விடைத்தாள் திருத்தலாம். எதைக் கற்பிப்பது, எதை விடுவது, எதைத் தேர்வில் கேட்பது என்ற முடிவுகளில் பெரும்பாலும் நமக்கு இடமிருக்காது. முழுப் பாடத்தையும் தனியாகக் கொடுக்கச் சொன்னால் துறைத் தலைவர் தயங்குவார், நியாயமான தயக்கம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி, அனுபவமுள்ள ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஒரு பாடத்தைக் கற்பிப்பது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது, வாங்கியபின் எப்படிச் செய்வது என்று, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

முதலில் உங்கள் துறையின் பாடப் பட்டியலை எடுத்து, முதலாண்டு பொது உயிரியல், செல் உயிரியல், மரபியல் ஆகியவற்றை யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். ஆய்வில் பெரும் புகழ் பெற்றவரைத் தேடிப் போக வேண்டாம். கற்பிப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட பேராசிரியர்கள் பெரிய துறைகள் பலவற்றில் இருக்கிறார்கள். 200, 300 பேர் கொண்ட வகுப்புகளைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். உதவிக்கு ஆள் வந்தால் மகிழ்வார்கள், கற்பிப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசவும் செய்வார்கள்.

காலம் முக்கியம். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கு ஜனவரியில் போய்க் கேட்டால் பாடத்திட்டம் அச்சாகியிருக்கும். அக்டோபர் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்குப் பிப்ரவரி, மார்ச் சரியாக இருக்கும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். “மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் மேலான சமூகத்திற்கு” என்ற பாணியை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதும் பழக்கம் நமக்கு லேசில் போகாது. நான் எழுதிய முதல் கடிதத்தில் என்னைப் பற்றி மூன்று பத்தி இருந்தது, என்ன வேண்டும் என்பது கடைசி வரியில் ஒளிந்திருந்தது. பதிலே வரவில்லை. இரண்டாவது முறை ஐந்தே வரி எழுதினேன்: நான் இன்னார், உங்கள் வகுப்பில் இரண்டு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும், பிடித்திருந்தால் அடுத்த செமஸ்டரில் ஓர் அலகை, அதாவது பாடத்தின் ஒரு பகுதியை, உங்களோடு சேர்ந்து நடத்த விருப்பம், அந்த அலகின் தேர்வுக் கேள்விகளையும் நானே எழுதித் தருகிறேன், இருபது நிமிடம் பேசலாமா? ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தேர்வுக் கேள்வி எழுதித் தருகிறேன் என்ற வரிதான் கண்ணில் பட்டதாக அந்தப் பேராசிரியை பின்னால் சொன்னார். பாடம் நடத்த எல்லாரும் முன்வருவார்களாம், கேள்வி எழுத யாரும் வருவதில்லையாம்.

உங்கள் பல்கலைக்கழகம் சிர்ட்டில் என்ற கூட்டமைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வு மாணவர்களைக் கற்பித்தலுக்குத் தயார்செய்ய 2003இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துத் தொடங்கப்பட்டது அது. அறிவியல் கற்பித்தல் குறித்த இணையவழிப் பாடங்கள் அதில் உண்டு. அவற்றை முடித்துவிட்டுப் போனால் பேராசிரியரோடு பேசும்போது சொற்கள் கைவசம் இருக்கும்.

அனுமதி வாங்குதல்

உங்கள் ஆய்வகத் தலைவரிடம் சொல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். “கொஞ்சம் கற்பிக்கப் போகிறேன்” என்று மொட்டையாகச் சொன்னால் அவர் மனத்தில் ஓடுவது உங்கள் பாதி வேலை நின்றுபோகும் காட்சி. “பிப்ரவரி 10 முதல் மூன்று வாரம், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்குள் இன்ன சோதனையை முடித்துவிடுகிறேன்” என்று நாள் குறித்துப் பேசுங்கள். பிறகு அதையே மின்னஞ்சலில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

விசாவை இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டாம். எஃப்-1 விசாவில் உள்ள மாணவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஏற்கெனவே உதவித்தொகைப் பணி இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். ஜே-1 விசாவில் ஆய்வாளராக வந்தவர்கள், விசாவுக்கு ஆதரவு தந்த நிறுவனம் தடுக்காதவரை கற்பிக்கலாம். வேறு கல்லூரியில் போய் நடத்துவதானால் முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும். எச்-1பி என்ற வேலை விசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டுண்டது. பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் சம்பளத்துக்கு ஒரு வகுப்பு எடுப்பதென்றால் அந்தக் கல்லூரி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். “சும்மா ஒரு செமஸ்டர்தானே” என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்வரிசை

கற்பிப்பதற்கு முந்தைய செமஸ்டரிலோ, குறைந்தது முதல் இரண்டு வாரமோ, அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருங்கள். பாடத்தைக் கேட்காதீர்கள், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு தாளில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறியுங்கள். கோப்பஸ் என்ற வகுப்பறை நோக்கு முறை இப்படித்தான் இயங்குகிறது. 50 நிமிடத்துக்கு 25 கட்டம். நான் உட்கார்ந்த முதல் நாள், பேராசிரியை தொடர்ந்து பேசியது பதினோரு கட்டத்தில் மட்டும். மீதி நேரம் மாணவர்கள் பேசிக்கொண்டோ, எழுதிக்கொண்டோ, கிளிக்கர் என்ற கைக்கருவியில் விடைக்கு வாக்களித்துக்கொண்டோ இருந்தார்கள். கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு, மணி அடிக்கும்வரை பேசியவரையே நல்ல ஆசிரியர் என்று போற்றி வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் ஏமாற்று வேலையாகத் தெரிந்தது, உண்மையைச் சொன்னால்.

2014இல் வந்த ஓர் ஆய்வுதான் என் எண்ணத்தை மாற்றியது. ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம். மாணவர்கள் செயல்பட்டுக் கற்கும் வகுப்புகளில் சுமார் 22. ஃப்ரீமனே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு உயிரியல் நடத்தியவர்.

வேலையைப் பிரிப்பது

இணைந்து கற்பிப்பது பல விதம். ஒருவர் நடத்த மற்றவர் வரிசைகளுக்கிடையே நடந்து உதவலாம். வாரம் மாற்றி வாரம் நடத்தலாம். இருவரும் முன்னால் நின்று ஒருவர் பேச்சை ஒருவர் தொட்டுத் தொடரலாம். வாரம் மாற்றுவதுதான் பரவலான வழக்கம், ஆனால் உங்களுக்கு அதில் பயன் குறைவு. ஒருவர் வரும்போது மற்றவர் வரமாட்டார். அரைப் பாடத்தைத் தனித்தனியே நடத்திய இரண்டு பேர் என்றுதான் அது முடியும். உங்கள் மூன்று வாரத்திலும் அவர் வகுப்பில் இருக்க வேண்டும், அவர் நடத்தும் வாரங்களிலும் நீங்கள் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பில் இவற்றை முடிவுசெய்துவிடுங்கள்: பாடத்திட்டத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வருமா? வகுப்புக்கான கேன்வாஸ் இணையத்தளத்தில் உங்களுக்கு ஆசிரியர் உரிமையா, உதவியாளர் உரிமையா? மதிப்பெண் முறையீடு வந்தால் யார் முடிவெடுப்பது? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். அம்மா கொடுக்காததை அப்பாவிடம் போய்க் கேட்கும் பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா? 240 பிள்ளைகள் அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் முதல் வாரத்தில் ஒரு மாணவிக்கு வீட்டுப்பாடம் தர இரண்டு நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தேன். பேராசிரியை அதே காரணத்துக்கு மூன்று பேருக்கு மறுத்திருந்தார். அன்று மாலைக்குள் மூன்று பேரும் என் அறை வாசலில் நின்றார்கள். அதன்பின் என் பதில் எப்போதும் ஒன்றே: “இருவரும் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறோம்.”

அலகைப் பின்னாலிருந்து கட்டுங்கள்

எனக்குக் கிடைத்தது ஒளிச்சேர்க்கையும் செல் சுவாசமும். கிடைத்த அன்றிரவே ஸ்லைடு செய்ய உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பேராசிரியை அந்த நாற்பது ஸ்லைடுகளை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினார். “இதை முடித்ததும் அவர்களால் என்ன செய்ய முடியும்? அதைக் கண்டுபிடிக்க என்ன கேள்வி கேட்பாய்? அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு வா. ஸ்லைடு கடைசியில்.”

முறை இதுதான். முதலில் நோக்கம், அடுத்து அதைச் சோதிக்கும் கேள்வி, அதற்குப் பிறகே வகுப்பு. ‘ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வார்கள்’ என்பது நோக்கம் ஆகாது, ஏனென்றால் புரிந்துகொண்டதைக் கண்ணால் பார்க்க முடியாது. ‘ஒரு செடியின் உலர் எடையில் உள்ள கார்பன் எங்கிருந்து வந்தது என்று விளக்குவார்கள்’ என்பது நோக்கம். எவற்றை மையமாக வைப்பது என்று குழம்பினால், அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இளங்கலை உயிரியலுக்கு ஐந்து மையக் கருத்துகள் இருக்கின்றன: பரிணாமம், அமைப்பும் செயலும், தகவலின் ஓட்டம், ஆற்றலும் பொருளும் உருமாறும் பாதைகள், பல பாகங்கள் சேர்ந்தியங்கும் அமைப்பியங்கள். உங்கள் அலகு இவற்றுள் எதில் உட்காருகிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் போதும். ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை உருவாகும் கால்வின் சுழற்சியின் எல்லா நொதிகளும் எதற்கு என்ற கேள்வி அப்போது தானாக வரும். நான் பாதியை வெட்டினேன். வலித்தது.

அந்த நோக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பழைய சோதனை ஒன்று. யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. எடை எங்கிருந்து வந்தது: மண், நீர், காற்று, சூரிய ஒளி? கைக்கருவியில் வாக்களிக்கச் சொன்னேன். உயர்நிலைப் பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்கள்தான் எல்லாரும். மண்ணுக்கும் ஒளிக்கும் சேர்த்துப் பாதி வாக்குக்கு மேல் விழுந்தது. பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு மறு வாக்கெடுப்புக்குத் தயாரானபோது நடு வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “காற்றுக்கு எடையே இல்லையே, அது எப்படி மரமாகும்?”

என்னிடம் அதற்கு ஸ்லைடு இல்லை. பக்கவாட்டில் நின்ற பேராசிரியை கையுறையை மாட்டிக்கொண்டு, மேசைக்குக் கீழே இருந்த தெர்மகோல் பெட்டியிலிருந்து செங்கல் அளவு உலர் பனிக்கட்டியை எடுத்துத் தராசில் வைத்தார். உறைந்த கார்பன் டை ஆக்சைடு. தராசின் எண் திரையில் பெரிதாகத் தெரிந்தது. பனிக்கட்டி புகைய, எண் ஒவ்வொரு கிராமாகக் கீழே இறங்கியது. “போகிற எடை எங்கே போகிறது?” என்று மட்டும் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையனே சொன்னான்: “காற்றுக்குத்தான் போகிறது. அப்படியானால் காற்றுக்கும் எடை உண்டு.” என் எட்டு ஸ்லைடுகள் அன்று திரைக்கே வரவில்லை. ஹெல்மான்ட் அது தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவுகட்டியதைச் சொன்னபோது, தவறு செய்ததில் தங்களுக்கும் ஒரு பெரிய கூட்டாளி கிடைத்த நிம்மதி வகுப்பில் தெரிந்தது.

அந்தக் கேள்வி வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்களாம். எந்த இடத்தில் மாணவர்கள் வழுக்குவார்கள் என்ற இந்த அறிவு பாடநூலில் இல்லை, அதை நேரில் வாங்கிக்கொள்ளத்தான் இணைந்து கற்பிப்பது. ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் “இன்றைக்கு எங்கே சறுக்குவார்கள்?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நிற்கும்போது

கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்றாக நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். மேடையில் நிற்பவருக்கு மூன்று நொடி ஒரு யுகம். மனத்துக்குள் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று எண்ணுவது உதவும்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதவர் நம்மில் குறைவு. என் அனுபவத்தில் உச்சரிப்பைவிடச் சொற்கள்தான் காலை வாரும். “எனி டவுட்ஸ்?” என்று நான் கேட்டபோதெல்லாம் வகுப்பு விழித்தது. நமக்கு அது ‘கேள்வி இருக்கிறதா’. அவர்களுக்கு ‘நான் சொன்னதை நம்பவில்லையா’. மரபியல் எடுத்துக்காட்டில் ‘பிரிஞ்சால்’ என்று எழுதிவிட்டு ஒரு வகுப்பு முழுக்க அது என்ன காய் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முதல் ஸ்லைடுகளை ஓர் இளங்கலை மாணவரிடம் காட்டிவிட்டால் இந்தச் சங்கடங்கள் குறையும். வேகமாகப் பேசுகிறவராக இருந்தால், கடினமான சொல் வரும்போது திரையில் அது இருக்கும்படி செய்யுங்கள்.

தயாரிப்பு நேரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதல்முறை நடத்தும் 50 நிமிட வகுப்பு ஒன்று என்னிடம் எட்டு முதல் பத்து மணி நேரத்தை விழுங்கியது.

தேர்வும் திருத்தமும்

அலகின் தேர்வுக்குப் பன்னிரண்டு கேள்விகள் எழுதினேன். அதில் ஒன்று: இருட்டறையில் வைத்த செடியில் பின்வருவனவற்றுள் எது நடைபெறாது என்று சொல்வது சரியன்று? நம் ஊர்த் தேர்வுகளில் பழகிய கைக்கு இது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. முடிவு வந்தது. 240 பேரில் 53 பேர் சரி. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 60 பேர் சரியாக எழுதியிருக்க வேண்டும்!

கடினமான கேள்வி போலிருக்கிறது என்றேன். பேராசிரியை மொத்த மதிப்பெண்ணில் முதல் 60 பேரையும் கடைசி 60 பேரையும் தனித்தனியே பார்க்கச் சொன்னார். முதல் 60 பேரில் 14 பேர் சரி. கடைசி 60 பேரில் 15 பேர் சரி. நல்ல கடினக் கேள்வியென்றால் நன்கு படித்தவர்கள் கூடுதலாகச் சரி எழுதியிருப்பார்கள். இங்கே படித்தவர், படிக்காதவர் வேறுபாடே இல்லை, ஆகவே கேள்வி எதையும் அளக்கவில்லை. கேள்வியை நீக்கினால் சரியாக எழுதிய 53 பேர் இழப்பார்கள் என்பதால் எல்லாருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தோம். அதே கருத்தை நேரான மொழியில் எழுதி அடுத்த தேர்வில் வைத்தோம். அந்த முடிவுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் நேர்காணல் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. சராசரி 54 வந்தால் முதலில் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேள்வி பழுதென்றால் மதிப்பெண்ணைச் சரிசெய்ய வேண்டும். ஒரே நோக்கத்தைச் சோதித்த கேள்விகள் எல்லாம் சேர்ந்து விழுந்திருந்தால், திங்கட்கிழமை இருபது நிமிடம் அதற்கு ஒதுக்கி வேறு வழியில் சொல்லித்தர வேண்டும்.

விரிவான விடைகளுக்கு, எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற விடைக்குறிப்பை முதலில் எழுதுங்கள். இருவரும் அதே பத்துத் தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். எனக்கும் அவருக்கும் முதல் பத்தில் நான்கில் ஒத்துப்போகவில்லை. நான் அழகான வாக்கியங்களுக்கு மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

இன்னொன்று: மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டுவது நாம் பார்த்து வளர்ந்த காட்சி. அமெரிக்காவில் ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதிக்காது. பொதுவாக, மாணவரின் அனுமதியில்லாமல் பெற்றோருக்குக்கூட மதிப்பெண்ணைத் தொலைபேசியில் சொல்லிவிடக் கூடாது.

கையில் என்ன எஞ்ச வேண்டும்

உங்கள் அலகு முடியும் வாரத்தில் மாணவர்களிடம் பெயர் போடாத இரண்டு கேள்வி கேளுங்கள்: எது கற்க உதவியது, எதை மாற்றலாம்? வரும் பதில்களில் “எங்களையே படிக்க வைக்கிறார், பாடம் நடத்துவதில்லை” என்று நாலைந்து இருக்கும். துவண்டுவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். முதல் நாளே இதை மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்தை மதிப்பெண்கள் பதிவான அதே வாரத்தில் கேளுங்கள். உலர் பனிக்கட்டி அப்போது நினைவிலிருக்கும். அடுத்த ஆண்டு “நன்றாக நடத்தினார்” என்ற ஒரு வரிதான் மிஞ்சும். வகுப்பில் உட்கார்ந்து பார்த்த குறிப்புகளையும் அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நோக்கங்கள், முதல் வரைவுக் கேள்விகள், திருத்திய கேள்விகள், கேள்விவாரியான முடிவுகள், விடைக்குறிப்பு ஆகியவற்றை மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு உங்கள் சொந்தக் கணினியில் படியெடுத்து வையுங்கள். பழுதான கேள்வியை அழித்துவிடாதீர்கள். அடுத்த நேர்காணலில் நான் மேசைமேல் வைத்தது அதைத்தான். பல்கலைக்கழகத்தை விட்டுப் போன சில நாளில் உங்கள் கடவுச்சொல் செயலிழக்கும், கேன்வாஸில் இருந்தது எதுவும் அதன்பின் உங்கள் கைக்கு வராது.